பழைய பாட்டும் புதிய பகிடியும்

மக்கள் நாவிலே நெடுங்காலம் பயின்றுவந்த பாட்டொன்றின் மெட்டை அவ்வாறே வைத்துக்கொண்டு, அதன் சொற்களை மட்டும் இன்றைய வாழ்வுக்கேற்ப மாற்றி நகைப்பூட்டுதல் எல்லாச் சமுதாயங்களிலும் காணப்படும் வழக்கமாகும். பழைய பாட்டிலே மாட்டுவண்டி சென்ற பாதையில் புதிய பாட்டிலே முச்சக்கரவண்டி செல்லும். கடிதத்துக்காகக் காத்திருந்தவள் கைத்தொலைபேசியில் நீலக்கோடு விழுவதற்காகக் காத்திருப்பாள். பல்கலைக்கழகக் கலைவிழாக்களிலும் நண்பர் கூட்டங்களிலும் இத்தகைய பாட்டுக்குக் கிடைக்கும் கைதட்டல் வேறெதற்கும் கிடைப்பதில்லை. ஆனால், சிரித்து முடித்தபின் அச்சிரிப்பைப்பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலரே. காலஞ்சென்ற ஒரு கவிஞனின் சொல்லையோ, பெயர் அறியப்படாத ஒரு பெண்ணின் சொல்லையோ எடுத்து, அவர் கருதாத பொருளை அதிலேற்றிப் பிறரைச் சிரிக்கச் செய்வதற்கு எமக்கு உரிமை உண்டா? உண்டெனின் அவ்வுரிமையின் எல்லை யாது? இவ்வினாக்களைக் கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத்தை மனத்திற்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு வேறுபாட்டை உணர்ந்துகொள்ளல் வேண்டும். பழையதைப் புதுக்குதல் வேறு. பழையதைப் புதுக்கி நகைத்தல் வேறு. ஔவையாரின் ஆத்திசூடியை முன்வைத்துப் பாரதி புதிய ஆத்திசூடி பாடினார். அங்கே அமைப்பு பழையது, அறம் புதியது. ஆயின் நகைப்பு இல்லை. எமது ஊர்களிலே திரையிசை மெட்டுக்களில் இஸ்லாமியப் பாடல்கள் பாடப்படுவதும் இவ்வகையினதே. இலேசான மெட்டிலே கனமான பொருள் ஏற்றப்படுகின்றது. பகிடிப் பாட்டிலோ இதற்கு மறுதலையாக, கனமான பாட்டின்மீது இலேசான பொருள் ஏற்றப்படுகின்றது. இவ்வகைப் பாட்டுக்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'பரோடியா' என்பதாகும். மூலப்பாட்டின் பக்கத்திலே நின்று, அல்லது அதற்கு எதிரே நின்று பாடப்படும் பாட்டு என்பது அதன் பொருள். எமது வழக்கிற் சொல்வதானால் அது ஒரு பக்கப்பாட்டு. முன்னே ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்வரைதான் பக்கப்பாட்டுக்கு இடமுண்டு என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

இனி, நகை பற்றித் தமிழ் மரபு கூறுவதைக் காண்போம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கெனக் கூறி, அவற்றுள் எள்ளலை முதலில் வைக்கின்றது. அதற்கு உரை கண்ட பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலும், பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதலும் என எள்ளல் இருவகைப்படும் என விளக்குவார். இவ்விளக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. எள்ளல் என்பது ஒரு திசையில் மட்டும் ஓடும் ஆறன்று. போவதும் வருவதுமாக இருவழி உடையது. வள்ளுவரும் பண்புடைமை பற்றிப் பேசுமிடத்து, விளையாட்டிலேயும் இகழ்ச்சி துன்பந் தருவதே என்கின்றார். திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசித்தலை விலக்கி, பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரினும் மேலானோராக இருக்கக்கூடும் என்று காரணமும் காட்டுகின்றது. பெண்களைத் தனியாகவும் குறித்து அதே கட்டளையை மீட்டும் கூறுகின்றது. இவற்றைக் கொண்டு நகைப்பையே விலக்க வேண்டும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. எள்ளப்படுவோனும் ஓர் ஆள், அவனுக்கும் ஒரு வாய் உண்டு என்பதை மறவாதிருத்தலே இவற்றின் பொதுக் கருத்து எனலாம்.

கிழக்கிலங்கையின் பழைய விளையாட்டொன்று இக்கருத்தை நன்கு விளக்கும். மட்டக்களப்புத் தமிழகத்தில் வழங்கிய கொம்புமுறி விளையாட்டிலே ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு பக்கமாகப் பிரிவர். ஒரு சேரியார் மறுசேரியாரை வசைபாடுவர். அவரும் திருப்பிப் பாடுவர். வசை கடுமையாக இருப்பினும் அதனை ஊர் பொறுத்துக்கொண்டமைக்குக் காரணம், எதிர்த்தரப்புக்கும் பாட முறை இருந்தமையேயாகும். மறுமொழிக்கு இடமுள்ள வசை விளையாட்டாகின்றது. மறுமொழிக்கு இடமற்ற வசை கொடுமையாகின்றது.

பழைய பாட்டைப் பகிடியாக்கும்போது எழும் சிக்கல் இங்கேதான் உளது. பழைய பாட்டு மறுமொழி கூறமாட்டாது. அதனைப் பாடியோர் பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கின்றனர். பாட்டிலே வரும் மாந்தர் அவையிலே வந்தமர்ந்து தமது பக்க நியாயத்தை எடுத்துரைக்கப் போவதுமில்லை. எனவே, மறுசேரி இல்லாத கொம்புமுறியாகப் பகிடிப் பாட்டு மாறிவிடும் அபாயம் உண்டு. இவ்வபாயத்தைத் தவிர்ப்பதற்கு வழி ஒன்றே: பழைய பாட்டின் மறுமொழிக்கும் பகிடி செய்வோனே தனது பாட்டுக்குள் இடம் வைத்தல் வேண்டும். இதனை எடுத்துக்காட்டுக்கள் வாயிலாக நோக்குவோம்.

இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை செழித்திருந்த காலத்தில் நித்தி கனகரத்தினம் பாடிய 'சின்ன மாமியே' என்னும் பாட்டை அறியாதார் இலர். இளைஞன் ஒருவன் மாமியிடம் அவளுடைய மகளைப்பற்றி வினவுகின்றான். மாமி விடை கூறுகின்றாள். பேச்சுக்குப் பொருளான மகள் மட்டும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இப்பாட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு பொருளையும் கல்முனையில் வேறொரு பொருளையும் தரும். கிழக்குக் கரையில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடிமுறை தாய்வழியானது. வீடு பெண்ணுக்கே கொடுக்கப்படும். மாப்பிள்ளையே பெண் வீட்டில் வந்து குடியேறுவான். ஆகவே, இங்கே மருமகனாகப் போகின்றவன் மாமியிடம் கேட்பது மகளை மட்டுமன்று. தான் வாழப்போகும் வீட்டின் வாசலிலேயே அவன் நிற்கின்றான். அவ்வீட்டைக் கட்டி முடிப்பதற்காகத் தகப்பன் வயலை விற்றிருப்பான். தமையன் கட்டார் நாட்டிலோ சவூதி அரேபியாவிலோ வேலை செய்துகொண்டிருப்பான்.

இப்பாட்டை இக்காலத்துக்கேற்பப் புதுக்க முனைவோன் இரண்டு வழிகளில் ஒன்றை மேற்கொள்ளக்கூடும். முதலாவது வழியில், மகள் கைத்தொலைபேசியிலே மூழ்கியிருப்பதாகவும், படிக்கப் போனவள் படிக்கவில்லை எனவும் பாடிச் சிரிப்புண்டாக்கலாம். அது எளிய வழி. சிரிப்பும் உடனே வரும். ஆயின், முன்பே வாய் திறவாதிருந்த பெண்ணின்மீது இன்னுமொரு பழியைச் சுமத்துவதன்றி அது வேறொன்றையும் சாதிப்பதில்லை. இரண்டாவது வழியில், அந்த மகளே பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பி வந்து, 'மச்சான் என்னிடமே கேட்டிருக்கலாமே; வீட்டின் உறுதியைப்பற்றி முதலில் விசாரித்த காரணம் என்ன?' என்று அதே மெட்டில் வினவலாம். இதற்கும் அவை சிரிக்கும். அச்சிரிப்போ முன்வரிசையில் இருக்கும் மாப்பிள்ளைமாரையும் அவர்தம் பெற்றோரையும் சென்றடையும். முதலாவதில் பழைய பாட்டு வெறும் சுமைதாங்கி. இரண்டாவதில் பழைய பாட்டிலே அடங்கிக் கிடந்த மறுமொழி வெளிவருகின்றது.

பொப்பிசையைவிடக் கூடிய கவனத்தை வேண்டி நிற்பது கவி. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலே வட்டைகளிலும் வாடிகளிலும் களவெட்டிகளிலும் அடுப்படிகளிலும் பிறந்தவை இக்கவிகள். 1961இலேயே அம்பாறை தனி மாவட்டமாயிற்று ஆதலின், முன்னைய தொகுப்பாளர் இப்பகுதிக் கவிகளையும் மட்டக்களப்பின் பெயராலேயே வழங்கினர். பின்னர் நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் போன்றோர் முஸ்லிம் ஊர்களின் கவிகளைத் தேடித் தொகுத்தளித்தனர். மச்சானை நினைந்துருகும் பெண், வயற்காவலில் தனித்திருக்கும் இளைஞன், மகளின் வாழ்வை எண்ணிக் கலங்கும் தாய் ஆகியோரின் குரல்கள் இவற்றிலே கேட்கின்றன. பாடினோர் பலர் எழுத்தறியாதவர். பெயரும் விட்டுச் செல்லாதவர்.

கவியைப் புதுக்குதல் கூடாது எனக் கூறுவோர் கவியின் இயல்பை மறந்தோராவர். ஒரு கவி பத்துப் பேர் வாயில் பத்து வடிவம் கொண்டிருக்கும். ஊர்ப்பெயர் மாறும், ஆட்பெயர் மாறும், அன்றைய செய்தி அன்றே அதனுட் புகும். அச்சிலேறிய பின்னரே கவிக்கு நிலைத்த வடிவம் என ஒன்று ஏற்பட்டது. அவ்வகையில், கவிக்குள் வாட்சப்பைக் கொண்டுவரும் இளைஞன் மரபை உடைப்பவனல்லன். அறிந்தோ அறியாமலோ மரபைத் தொடர்பவனே ஆவான். எனவே, புதுக்குதலைப் பற்றி எமக்கு வழக்கில்லை. நகைப்பு யார்மீது விழுகின்றது என்பதே வழக்கு.

கவியின் பேச்சு வழக்கை இழுத்துப் பேசிக் காட்டி, 'இப்படியும் பேசினார்களே' எனச் சிரிக்க வைப்போர் உளர். படித்தவர் படியாதவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. அச்சிரிப்பிலே ஓர் அறியாமையும் உண்டு. ஏனெனில், அவர்கள் கேலி செய்யும் பேச்சிலேதான் அவர்களுடைய உம்மம்மா அவர்களைத் தாலாட்டினாள். மறுபுறம், வட்டைக்குப் போன கணவனுக்காகக் காத்திருந்த பெண்ணின் கவியை, மத்திய கிழக்குக்குச் சென்ற கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கவியாக மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். படம் தெளியாமல் உறைந்துபோகும் காணொளி அழைப்பு, 'கேட்கிறதா, கேட்கிறதா' என்பதிலேயே கழிந்துவிடும் பத்து நிமிடம், மாதக் கடைசியில் அனுப்பும் பணத்தைப் பற்றி மட்டும் நீளும் பேச்சு ஆகியன நகைப்புக்கு உரியனவே. அவை சிரிக்கும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, காத்திருப்பு மட்டும் மாறவில்லை என்பது தெரியவரும். வட்டைக்குப் போனவன் அறுவடை முடிய வந்தான். இவன் ஒப்பந்தம் முடியும்வரை வரமாட்டான். இங்கே பழைய கவி புதிய காலத்தை நோக்கி, 'நீ எதைத் திருத்தினாய்?' என்று வினவுகின்றது. அதுவே அதன் மறுமொழி.

இவ்வாறு மறுமொழிக்கு இடம்விட்ட பகிடிக்குத் தமிழுலகம் அறிந்த சிறந்த சான்று தேவையெனின், கடல் கடந்து தமிழ்நாட்டை நோக்கல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள், சிதம்பரம் செல்லத் துடித்த நந்தனின் பக்தியைப் பாடுவன. இதனை அடியொற்றிக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' என்னும் நகைச்சுவைக் காலட்சேபத்தை நடத்தினார். உடுமலை நாராயணகவியின் ஆக்கமான அது 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' திரைப்படத்திலும் இடம்பெற்றது. நந்தன் கோயிலுக்குப் போக ஏங்கினான்; கிந்தன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்குகின்றான். புகைவண்டியேறிப் பட்டணம் சென்று படித்து உயர்கின்றான். கேட்டோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். ஆயினும், அச்சிரிப்பு நந்தனைத் தீண்டவில்லை. கோயிற் கதவை அடைத்த அதே கை பள்ளிக்கூடக் கதவையும் அடைத்தது என்பதைக் காட்டி, அக்கையையே அது நகையாடிற்று. நந்தன் இருந்து கேட்டிருப்பின் அவனும் சேர்ந்து சிரித்திருப்பான். பழைய பாட்டின் மாந்தர் அவையில் இருந்தால் எம்மோடு சேர்ந்து சிரிப்பாரா, எழுந்து போவாரா என்பதே நாம் கொள்ளத்தக்க உரைகல்.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். நகைப்புக்கு இத்தனை பொறுப்புக்களைச் சுமத்தினால் அது நகைப்பாக இருக்குமா என்பதே அத்தடை. பிரெஞ்சு மெய்யியலாளர் பேர்க்சன் 1900இல் வெளியிட்ட 'சிரிப்பு' என்னும் நூலில், சிரிக்கும் பொழுதில் இதயம் சற்றே மரத்துப்போக வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். இரக்கம் வந்துவிட்டால் சிரிப்பு நின்றுவிடும் என்பது உண்மையே. ஆனால், அவர் கூறுவது கணநேர மரப்பையே. நிலையான மரப்பை அன்று. சிரிப்பு அடங்கியபின் இதயம் விழிக்கின்றதா என்பதைக் கொண்டே பகிடியின் தரத்தை அளத்தல் வேண்டும். மேலும், காலம் சில பாட்டுக்களுக்குத் தானே மறுமொழி எழுதிவிடுகின்றது. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' மீன் கொண்டுவரும் களிப்பைப் பாடும் சிங்களப் பாட்டு. 1977இல் தமிழ்த் திரைப்படத்திலும் புகுந்து ஊரெங்கும் ஒலித்தது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கையின் மாவட்டங்களுள் அம்பாறையிலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டுசென்றது. கடலையும் மீனையும் வைத்து இக்கரையிலே பகிடி பாடுவோர், கேட்போருள் எவருடைய வீடு அன்று இல்லாமற் போயிற்று என்பதை எண்ணியே சொல்லைத் தெரிதல் வேண்டும். அது நகைப்புக்கு இட்ட தடையன்று, அவையறிதலாகும்.

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். பக்கப்பாட்டுக்கு முன்பாட்டு வேண்டும் என மேலே கண்டோம். பொப்பிசைப் பாட்டுக்கள் ஒலிப்பதிவிலே உயிர்வாழ்கின்றன. மூலத்தை எவரும் மீட்டுக் கேட்கலாம். கவிகளுக்கோ அந்நிலை இல்லை. வயல்களில் அறுவடை இயந்திரம் வந்தபின் களவெட்டியிற் பாடுவோர் இல்லை. மூலக் கவியை அறியாத தலைமுறைக்கு அதன் பகிடி வடிவமே கவியாகிவிடும் நாள் தொலைவில் இல்லை. அந்நாளிலே நகைப்பும் தானாகவே ஒழிந்துபோகும். எதனைப் பார்த்துச் சிரிக்கின்றோம் என்பது தெரியாமற் போகுமன்றோ? ஆதலின், கவியைப் பகிடியாக்கி மேடையேற்றும் மாணவர் முதலில் மூலக்கவியை அதன் இராகத்தோடு பாடுதல் வேண்டும். அதன் பின்னரே தம் பாட்டைப் பாடுதல் முறை. அவ்வாறு செய்யுமிடத்து, பெயரறியாத அந்தப் பெண்ணுக்கு முதற் பேச்சு உரியதாகின்றது. எமக்கு இரண்டாம் பேச்சு. வடசேரியும் தென்சேரியும் மீண்டும் எதிரெதிரே நிற்கின்றன. பின்னர் எவ்வளவு சிரித்தாலும் குற்றமில்லை.