மழைக்கால டயரும் கவனமின்மை என்னும் இம்சையும்

உயிர்க்கொலை எந்தக் கணத்தில் நிகழ்கிறது என்ற கேள்விக்குச் சமண நூல்கள் தரும் விடை, முதலில் கேட்பவரைத் திகைக்கவே வைக்கும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் உயிர் பிரிவதை மட்டும் இம்சை என்று சொல்லாமல், கவனமற்ற செயலால் உயிர் பிரிவதை இம்சை என வரையறுக்கிறது; குந்தகுந்தரின் பிரவசனசாரம் அதற்கும் அப்பால் சென்று, எதிரிலுள்ள உயிர் பிழைத்தாலும் மாய்ந்தாலும் கவனமின்றி நடப்பவனுக்கு இம்சை உறுதி என்றும், கவனத்தோடு நடப்பவனை உயிரிழப்பு ஒன்றே வினையால் பிணித்துவிடாது என்றும் கூறுகிறது. வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையோடு மரபு சேர்த்துப் பேசும் அந்த ஆசாரியரின் கருத்துப்படி, விபத்து நடக்கும் இடமும் இம்சை தொடங்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. கொச்சியின் மட்டாஞ்சேரியில், குஜராத்தி வணிகர் வாழும் தெருவில் 1904இல் எழுந்த தர்மநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, மிளகும் சுக்கும் ஏலமும் அடைத்த கிடங்குகளிலிருந்து மூட்டைகளை ஏற்றிச் செல்லும் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டிகளுக்கு இந்தக் கருத்து நேராகவே பொருந்துகிறது.

பனி விழும் நாடுகளில் குளிர்காலத்துக்கென்று தனி டயர் உண்டு. ஏழு பாகை செல்சியசுக்குக் கீழே சாதாரண ரப்பர் இறுகிப் பிடிமானம் இழப்பதால், குளிரிலும் நெகிழ்ந்திருக்கும் கலவையில் அதை வார்க்கிறார்கள். கொச்சியில் அந்த டயர் வெப்பத்தில் விரைந்து தேய்ந்து வீணாகும். இங்கே பருவத்தின் சோதனை தண்ணீர்தான்: இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவத்தோடு சூன் தொடக்கத்தில் இறங்கும் மழை, துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவத்தோடுதான் ஓய்கிறது. டயரின் பரப்பில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்கள், ஓட்டுநர் பேச்சில் ‘பட்டன்’, சாலைக்கும் ரப்பருக்கும் நடுவே சிக்கும் நீரை வெளியேற்றுகின்றன. அவை தேய்ந்துபோனால் வெளியேற வழியின்றி நீர் படலமாகி, சக்கரம் தரையைத் தொடாமல் அதன்மேல் வழுக்குகிறது. இந்திய மோட்டார் வாகன விதிகள் நான்கு சக்கர வண்டிக்கு 1.6 மில்லிமீட்டர் பள்ளத்தைக் கீழெல்லையாக வைத்துள்ளன. ஆனால் அந்த எல்லையை எட்டுவதற்கு வெகு முன்பே ஈரத்தில் பிடிமானம் குறையத் தொடங்கிவிடுகிறது என்பதால், மே மாதத்தில் எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் டயர் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தும் மழைக்குத் தகுதியற்றதாக இருக்கக்கூடும்.

இதில் மனத்தை ஏமாற்றும் ஓர் இயல்பு உண்டு. வறண்ட சாலையில் மொட்டை டயர் மோசமாக நடந்துகொள்வதில்லை. தைமுதல் வைகாசிவரை அது குறையின்றி ஓடி, தன்மீது ஒரு நம்பிக்கையை வளர்த்துவிடுகிறது. திருக்குறளின் 54ஆம் அதிகாரமான பொச்சாவாமை பேசுவது இத்தகைய சோர்வைத்தான். மகிழ்ச்சியில் திளைத்துக் கடமையை மறப்பதே பொச்சாப்பு என்று பரிமேலழகர் விளக்குகிறார். துன்பத்தால் வரும் மறதியைவிட நலமாக இருந்ததால் வரும் மறதி கொடியது, ஏனெனில் அதற்குச் சான்றாக நடந்து முடிந்த நல்ல மாதங்கள் துணைநிற்கின்றன.

சமணத் துறவியின் ஐந்து சமிதிகளுள், அதாவது ஐந்து கவன ஒழுக்கங்களுள், முதலாவது ஈரியா சமிதி: நடக்கும்போது ஒரு நுகத்தடி அளவுக்கு முன்னால் தரையை நோக்கி, உயிர்களைக் கண்டு விலகி அடிவைப்பது. மழைக்காலத்தின் நான்கு மாதங்கள் தரை முழுவதும் உயிர் பெருகுவதால், துறவிகள் பயணத்தையே விட்டு ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாஸ்ய நோன்பை ஏற்கிறார்கள். மழையிலும் பயணத்தை விட முடியாத ஓட்டுநரின் கணக்கு வேறு: மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. உராய்வுக் கெழு 0.7 உள்ள காய்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் நிற்க ஏறக்குறைய 9 மீட்டர் போதுமென்றால், ஈரமும் தேய்மானமும் சேர்ந்து அந்தக் கெழுவைப் பாதியாக்கும்போது 18 மீட்டர் வேண்டும். துறவியின் நுகத்தடி அளவு ஓட்டுநருக்கு இந்த நீளமாகிறது. பார்க்கும் தொலைவுக்குள் நிற்க முடியாத டயர், கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அந்தக் கவனத்தைப் பயனற்றதாக்கிவிடுகிறது. ஆகவே இம்சையின் வேர் சாலையில் இல்லை, டயர்க் கடையில் இருக்கிறது என்ற முடிவு வலிந்து கொண்டதன்று.

அதே மட்டாஞ்சேரியில் 1568இல் பரதேசி யூதர் எழுப்பிய ஜெபாலயத்தில் ஓதப்பட்டுவந்த தோராவும், மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்காமல் எவரேனும் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மீது சேரும் என்ற விதியால் இந்த முன்கவனத்தையே வேறு வழியில் கேட்கிறது.

இனி, இல்லறத்தார் பக்கமிருந்து எழும் மறுப்பு நேர்மையானது. சமணம் இல்லறத்தாருக்குத் தொழிலால் தவிர்க்க முடியாமல் நேரும் உத்யோகி இம்சையைப் பொறுத்துக்கொள்கிறது; கடன் தவணை கட்டும் ஒற்றை வண்டிக்காரருக்கு நான்கு புது டயர் எளிய செலவன்று. எனினும் மலிவு அனைத்தும் ஒரே வகையல்ல. வண்டிக்குரிய அளவும் சுமைக்குறியீடும் பொருந்தி, பெயர்பெறாத காரணத்தால் மட்டும் விலை குறைந்த புது டயர் ஒன்று. 2022 அக்டோபர் முதல் புதிய வடிவமைப்புகளுக்கு ஈரப்பிடிமான அளவுகோல் கட்டாயம் என்பதால் அதையும் கேட்டு வாங்கலாம். பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். அலமாரியில் கிடந்து இறுகிய அத்தகைய சரக்கைத் தள்ளுபடியில் எடுப்பது வேறு. பிறர் கழற்றிப்போட்ட டயரில் பள்ளத்தைக் கத்தியால் ஆழமாக்கி விற்பதை வாங்குவது முற்றிலும் வேறு. முதலாவது சிக்கனம், மூன்றாவதை உத்யோகி இம்சை என்ற பெயர் காப்பாற்றாது, ஏனெனில் அது தவிர்க்கக்கூடியது.

ஆனால் பழியை ஓட்டுநரோடு நிறுத்துவது சமண அளவையின்படி பிழையாகும். செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் அது வினைகளாகவே எண்ணுகிறது. மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் சரக்கனுப்பும் வணிகர் வாடகையில் ஐம்பது ரூபாயைக் குறைத்துப் பேசி, அந்த வண்டியின் டயர் மொட்டையாக இருப்பதைக் கண்டும் மூட்டையை ஏற்றச் சொல்வாரானால், அவர் செய்வித்தவர். பக்கத்துக் கடையில் நின்று அதே வாடகையைச் சந்தை விலையென ஏற்பவர் உடன்பட்டவர். எறும்பையும் தவிர்த்து நடப்பதற்குப் பழகிய ஒரு சமூகம் தன் மிளகு மூட்டைக்குக் கீழே சுழலும் ரப்பரையும் தன் விரதத்தின் எல்லைக்குள் வைத்துப் பார்த்தால், இடவப்பாதிக்கு முந்தைய வாடகைப் பேச்சில் டயருக்குரிய பங்கு கடைசியாக வெட்டப்படும் தொகையாக அல்லாமல் முதலில் ஒதுக்கப்படும் தொகையாக நிற்கும்.