வருத்தத்தை மறைப்பது அன்பாகுமா?

சில ஆண்டுகளுக்கு முன், வருமானவரி வேலை மும்முரமாயிருந்த மார்ச் மாதத்தில், அஜக்ஸில் எமது தகப்பனார் வாசல் பனியை வழித்துவிட்டு வந்து நெஞ்சைத் தடவியபடி இருந்தார். வாய்வு என்று இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்தார். "பிள்ளையளுக்கு ஏன் கரைச்சல்" என்று விடியும்வரை வாய் திறக்கவில்லை. வாடிய முகத்தைக் கண்டும் நாம் கேட்கவில்லை. அவர் உயிர் தப்பினார். ஆனால் இருதயத்தின் பழைய பலம் திரும்பவில்லை.

இதை அறியாமை என்று மட்டும் சொல்வதற்கில்லை. ஹமில்ரன் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்து வைத்தியர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து, 2004இல் வெளியான ஆய்வு, முதல் மாரடைப்பின் அபாயத்தில் ஏறக்குறைய 90 வீதத்துக்கு ஒன்பது காரணிகளே பொறுப்பு என்று காட்டியது. புகைத்தல், கொலஸ்ரோல், பிறஷர், சீனி வருத்தம், வயிற்றுப் பருமன், மனச்சுமை ஆகியன அவற்றுள் அடங்கும். இலங்கை உட்படத் தென்னாசிய நாடுகளில் மாரடைப்பு ஏனையோரைவிட ஐந்தாறு வருடம் முந்தி வருவதும் அதில் தெரிந்தது. இவற்றில் பலவற்றை எம்மவர் அறிவர். ஆயினும் குடும்ப வைத்தியர் முன்னே, மொழிபெயர்க்க வந்த பேரப்பிள்ளை கேட்குமே என்று, "ஒண்டுமில்லை" என்று சொல்லித் திரும்புகிறார்கள். சொல்லாத நோவுக்கு எந்த வைத்தியர் மருந்து எழுதுவார்?

"எல்லாம் விதி" என்பாரும் உளர். அன்று ஷெல் வரும் சத்தம் கேட்டதும் எம்மைப் பங்கருக்குள் தள்ளியவர் இதே தகப்பனார்தான். விதி என்று முற்றத்தில் நிற்கவிடவில்லை.

எமது கணக்குத் தொழிலில், ஏட்டில் எழுதாத கடன் இல்லாமற் போவதில்லை. பின்னர் வேறொருவர் தலையில் விழும். மறைத்த வருத்தமும் அவ்வாறே. பிள்ளைக்குக் கரைச்சல் வேண்டாம் என்று மறைப்பது, அப்பிள்ளைக்கே பெருங்கரைச்சலாய் முடிகிறது. ஆகவே, சொல்வது பெற்றோர் கடமை; சொல்லும்படி கேட்பது பிள்ளைகள் கடமை.

நெஞ்சு அமத்தல், கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, வியர்வை, மூச்சுமுட்டல் ஏற்பட்டால் உடனே 911ஐ அழைப்போம். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் நெஞ்சு நோ இல்லாமலும் மாரடைப்பு வரலாம். அம்புலன்சுக்கு 45 டொலர் வருமே என்று கணக்குப் பார்க்கும் நேரம் அதுவல்ல. கணக்காளராகிய நாமே சொல்கிறோம்.

இன்றிரவு வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்போம். "ஒண்டுமில்லை" என்றால், இன்னொருமுறை கேட்போம்.