விருந்தும் காட்சியும்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். புதிதாக வந்தவரையும் அச்சொல் குறித்தது. விருந்து வந்தது என்றால் மனிதர் வந்தார் என்றே முன்னோர் கொண்டனர். நாளடைவில் மனிதர் நழுவிவிட, அவருக்கு இடப்பட்ட உணவு அப்பெயரைப் பெற்றுக்கொண்டது. இன்று விருந்து என்றதும் நம் கண்முன் நிற்பது இலைதான், ஆள் அன்று. சொல்லின் இந்தப் பயணத்தில் ஓர் அறக்கேள்வி மறைந்து கிடக்கிறது. பிறருடைய உணவை உண்டுவிட்டதாலேயே நாம் அவரை அறிந்தவராகவும் மதித்தவராகவும் ஆகிவிடுகிறோமா?

அமிர்தியில்தான் இக்கேள்வி எனக்கு எழுந்தது. வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த காட்டுப்பகுதி அது. ஆறு உண்டு, 1967ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற உயிரியல் பூங்காவும் உண்டு. அலுவலகத்தார் ஒரு நாள் கூடி மகிழ்ந்து திரும்ப ஏற்ற இடம். மலைமேல் வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தார் என்று எண்ணுவோர் இன்றும் உளர். அவர்கள் பேசுவதோ தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தார் அங்குக் கூடியபோது, அன்றைய உணவு மலை உணவாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மலையூரிலிருந்து இரு பெண்கள் வந்து சமைத்தனர். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கொள்ளுக் குழம்பு, கீரை. சுவையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் பூங்காவில் மானையும் மயிலையும் பார்த்துவிட்டு வந்த அதே கண்களால் பலர் இலையைப் பார்த்தனர், சமைத்தவர்களையும் பார்த்தனர், படமும் எடுத்துக்கொண்டனர். மூத்த எழுத்தர் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. "நீங்களும் உக்காருங்கம்மா, சேர்ந்து சாப்பிடுவோம்" என்றார். இருவரில் மூத்தவர் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும் சார். எங்க ஊட்டுக்கு வாங்க, ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம். இங்க நாங்க வேலைக்கு வந்திருக்கோம்" என்றார்.

அந்த அம்மையார் பிரித்துக்காட்டிய வேறுபாடு நுட்பமானது. அவர் வீட்டில் அவரே உரியவர். எதை இடுவது, எப்போது இடுவது, யாரை எங்கே அமர்த்துவது என்பதெல்லாம் அவர் கையில். போனவர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். அமிர்தியின் மரத்தடியிலோ கூலி கொடுத்தவர்கள் நாங்கள். கூலி கொடுத்து உண்பதில் பிழை ஏதுமில்லை. உலகத்து உணவு விடுதிகள் யாவும் அவ்வாறே நடக்கின்றன. அதற்குப் "பண்பாட்டை அறிந்தோம்" என்று பெயர் சூட்டும்போதுதான் பொய் நுழைகிறது.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளாகிய மாவோரி மக்கள் இதில் கண்டிப்பானவர்கள். வந்தவரை வரவேற்கும் அவர்களது சடங்குக்குப் போஃபிரி என்று பெயர். புதிதாகப் பணியேற்போரை இம்முறையில் வரவேற்கும் அலுவலகங்கள் இன்று அந்நாட்டில் உண்டு. முதலில் பெண்ணொருத்தி குரலெடுத்து அழைப்பாள். பின்னர் இரு தரப்பாரும் உரையாற்றுவர்; இறந்தோரை நினைவுகூர்வர்; மூக்கோடு மூக்குச் சேர்த்து மூச்சைப் பகிர்ந்துகொள்வர். உணவு வருவது இவற்றுக்கெல்லாம் பிறகே. மண்ணில் குழி தோண்டி, நெருப்பில் காய்ந்த கற்களின் மேல் இறைச்சியையும் கிழங்கையும் வைத்து, மண்ணால் மூடிச் சில மணி நேரம் வேகவைக்கும் ஹாங்கி அவர்களது பெருவிருந்துகளில் இடம்பெறும். புதியவரைச் சூழ்ந்து நின்ற விலக்கை உணவு நீக்குகிறது என்பது அவர்கள் கொள்கை. யார் வந்தவர், யார் மண்ணுக்கு உரியவர் என்பது முதலில் தெளிவாகிவிட வேண்டும். இந்த மதிப்பும் அவர்களுக்கு எளிதில் கிட்டியதன்று. பிரிட்டிஷ் அரசோடு அவர்களின் தலைவர்கள் வைத்தாங்கி உடன்படிக்கை செய்துகொண்டது 1840இல்; அவர்கள் மொழி ஆட்சிமொழியானது 1987இல்.

ஒன்றும் அறியாதிருப்பதைவிட ஒரு நாளேனும் சுவைத்துப் பார்ப்பது மேலன்றோ என்பர் சிலர். சாமையின் கதையை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். நேற்றுவரை நகரத்தார் அதனை ஏழையின் தவசம் என்று ஒதுக்கினர். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரக் கடைகளில் சாமை இப்போது சாதாரண அரிசியைவிட அதிக விலைக்குப் போகிறது. மலைக்கோ நியாயவிலைக் கடையின் அரிசி வந்துவிட்டது. அதற்காக மலைவாசிகளைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. சாமையின் உமி எளிதில் பிரிவதன்று. உரலிலிட்டுக் குத்தவேண்டும், புடைக்கவேண்டும், மீண்டும் குத்தவேண்டும். காலங்காலமாக அது பெண்களின் தோள் சுமந்த வேலை. அன்று உண்டவர்கள் சாமை சர்க்கரை நோய்க்கு நல்லது என்றார்கள். குத்தியவர் யார் என்று கேட்டாரில்லை.

இனி, மதிப்பதற்கு உண்டே தீரவேண்டுமா என்பதும் ஒரு கேள்வி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. இன்னதென்று அறிந்ததும் பெருமானார் கையை எடுத்துக்கொண்டார்கள். இது விலக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, தம் மக்களின் நிலத்தில் இது கிடையாது, ஆகவே தமக்கு மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் விடை வந்தது. காலித் அதனைத் தம் பக்கம் இழுத்து உண்ண, பெருமானார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாம் உண்ணவில்லை, உண்டவரை இழிவாகக் கருதவுமில்லை. உணவைக் குறை கூறுவது அவர்கள் வழக்கமே அன்று. உண்ணாமலும் மதிக்கலாம். உண்டும் அவமதிக்கலாம் என்பதை அமிர்தியில் கண்டேன்.

எங்களுள் ஓர் இளம் பெண்ணுக்கு மட்டும் களி தொண்டையில் இறங்கவில்லை. இலையை மூடி வைத்துவிடாமல், "எனக்குப் பழக்கமில்லக்கா, எப்படிச் சாப்பிடணும்?" என்று அந்த அம்மையாரிடமே கேட்டாள். மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்கவேண்டும் என்று அவர் அருகில் வந்து உட்கார்ந்து உருட்டிக் காட்டினார். பிறகு கேழ்வரகைப் பற்றியும், அவர் ஊர் மழையைப் பற்றியும், அவர் மகள் படிக்கும் பள்ளியைப் பற்றியும் நெடுநேரம் பேச்சு நடந்தது. அன்று இரு தரப்பாருக்கும் இடையே பேச்சு என்று ஒன்று நடந்தது அந்த ஓர் இலையின் அருகில்தான்.