சொருகாத ஜாய்ஸ்டிக்

1983இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாமைச் சுருக்கி, 30 விளையாட்டுகளை உள்ளே வைத்து, 2016 நவம்பரில் நிண்டெண்டோ மறுபடி விற்றது. சுருக்கும்போது ஜாய்ஸ்டிக்கையும் சேர்த்தே சுருக்கிவிட்டார்கள். அன்று அதைப் பிடித்த பையனுக்குக் கை வளர்ந்திருக்கிறது, ஜாய்ஸ்டிக் குட்டியாகியிருக்கிறது. அமெரிக்கப் பதிப்பில் அது பழைய அளவேதான். ஆனால் வயர் இரண்டரை அடி. டிவிக்கு அடியிலேயே உட்காரணும். எங்க உம்மா விட்டிருக்கவே மாட்டாங்க.

நண்பன் வீட்டில் ஜப்பான் பதிப்பைக் கையில் எடுத்தேன். ஒரு ஏக்கமும் வரவில்லை. ஏன்னா கீழக்கரையில் நாங்க விளையாடியது ஃபேமிகாமே இல்லை, துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த அதன் டூப்ளிகேட். கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். திரும்பத் திரும்ப அதே சில விளையாட்டுகள்தான் வரும். ஏ, பி பொத்தான்களுக்கு மேலே டர்போ பொத்தான்கள் இரண்டு. அழுத்திப் பிடித்தால் போதும், தானாகச் சுடும். நண்பன் வீட்டில் என் கட்டைவிரல் அந்த மேல்வரிசையைத்தான் தேடியது. போலியில் பழகிய விரலுக்கு அசலில்தான் ஏதோ குறைகிறது. இதில் யாருடைய கடந்தகாலத்தை எனக்கு விற்கிறார்கள்?

இதோடு நிறுத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஃபேமிகாமில் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் பெட்டியோடு சேர்ந்தே இருக்கும், கழற்ற முடியாது. எங்களுடையதில் கழற்றலாம். தம்பிக்கு அப்போது நாலு வயசு. கான்ட்ராவில் ஒருவர் ஆடும் ஆட்டத்தைப் போட்டுவிட்டு, இரண்டாவதைச் சொருகாமலே அவன் கையில் கொடுப்பேன். "நீ சுடு, நான் குதிக்கிறேன்." ஒரு கோடை லீவு முழுக்க அவன் சுட்டான்.

போன நோன்புப் பெருநாளுக்கு வந்தவன், "காக்கா, நாம சேர்ந்து மொத ஸ்டேஜ் முடிச்சோமே, ஞாபகம் இருக்கா?" என்றான். கண்ணில் அத்தனை வெளிச்சம்.

போலி மெஷினில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் உண்மை என்றால், சொருகாத ஜாய்ஸ்டிக்கில் அவனுக்குக் கிடைத்ததும் உண்மைதானே என்று மனசு வாதாடுகிறது. இந்த நியாயம் எனக்கு இவ்வளவு வசதியாக இருப்பதாலேயே நம்ப முடியவில்லை. டூப்ளிகேட்டை யாரும் என்னிடம் அசல் என்று சொல்லித் தரவில்லை. அவனிடம் நான் சொன்னேன்.

"இருக்குடா" என்றேன். அவன் உம்மாவைக் கூப்பிட்டு, கடைசி பாஸை எப்படிச் சுட்டான் என்று சொல்ல ஆரம்பித்தான். நான் டீ போட எழுந்து போனேன்.