கல்லில் கோடு கிழித்தவர் யார்?

கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் பலகை, சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்தில் கிடைக்கும் கருங்கல் வகையைச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான அவர் இறந்தது 1693இல். இருநூறு ஆண்டு கழித்து, தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லுக்கு அவர் பெயரையே வைத்தார்: சார்னோக்கைட்.

உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினாற்போல் மினுக்கு. பச்சை ஏறிய கருநிறம். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் இதிலும் உண்டு. கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். ஹாலந்து இதைத் தீப்பாறை என்றார், அதாவது குழம்பாக இருந்து உறைந்த கல். பின்னால் வந்த பலர் ஒப்பவில்லை. பழைய பாறையொன்று பூமிக்கடியில், கடும் வெப்பத்தில், நீர் குறைந்த சூழலில் உருமாறியது என்பது அவர்கள் கட்சி. கர்நாடகத்தின் கப்பல்துர்காவில், வெளிறிய நைஸ் பாறைக்குள்ளேயே சார்னோக்கைட் கரும்பச்சைத் திட்டுகளாகத் தோன்றியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அப்படியானால் ஒரு கல்லின் ‘வகை’ கல்லில் இருக்கிறதா, பார்ப்பவர் புத்தியிலா?

இது இந்திய தத்துவத்தின் பழைய வழக்கு. பசுக்கள் எல்லாவற்றிலும் பசுத்தன்மை என்ற பொது உறைகிறது, அதுவும் மெய்ப்பொருளே என்றார்கள் வைசேஷிகர். காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் பௌத்தர் திக்நாகர் மறுத்தார். பசு அல்லாதவற்றை விலக்குவதுதான் அந்தச் சொல்லின் வேலை. அதற்கு அப்பால் பொது என்று வெளியே எதுவும் இல்லை.

தீப்பாறைப் பட்டியலைப் புரட்டினால் திக்நாகர் சிரிப்பார். குவார்ட்ஸையும் ஃபெல்ஸ்பாரையும் மட்டும் எடுத்துக் கணக்கிட்டு, அதில் குவார்ட்ஸ் 20 முதல் 60 சதவீதம் இருந்தால்தான் கிரானைட் குடும்பம். 19 என்றால் வேறு பெயர். மலையில் அந்த இடத்தில் வரப்பு ஏதும் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஸ்ட்ரெக்கைசன் முன்னின்று நடத்திய சர்வதேசக் குழு பேசி முடித்த கோடு அது.

நம் ஸ்தபதிகள் கிழித்த கோடு வேறு. தட்டினால் மணிபோல் கணீரென்றால் ஆண் கல், ஓசை மெலிந்தால் பெண் கல், ஒலியே இல்லாவிட்டால் நபும்சகக் கல். தெய்வத் திருமேனி எதில், பீடம் எதில் என்பதற்கு விதி உண்டு. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அவசரம். உள்ளே விரிசல் ஓடிய கல் கணீரென்று ஒலிப்பதில்லை. குவார்ட்ஸ் சதவீதம் அவர்களுக்கு எதற்கு?

ஆனால் வைசேஷிகருக்கும் ஒரு சாட்சி உண்டு. நார்மன் போவன் என்ற பாறையியலாளர் ஆய்வுக்கூட உலையில் பாறைக்குழம்பை உருக்கி ஆறவிட்டுப் பார்த்தார். பொதுவாக ஆலிவின் என்ற கனிமம் முந்திப் படிகமாகிறது, குவார்ட்ஸ் கடைசியில். ஆறும் வேகமும் தன் அடையாளத்தை விட்டுப் போகிறது. ஆழத்தில் மெல்ல ஆறினால் கண்ணுக்குத் தெரியும் மணிகளோடு கிரானைட். அதே குழம்பு வெளியே வந்து சட்டென்று ஆறினால் ரையோலைட். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலைக் குடைந்தெடுத்த பசால்ட், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தரையில் வழிந்து ஆறியது. அதனால்தான் அதன் படிகங்கள் அத்தனை பொடி.

இந்த வரிசையை எந்தக் குழுவும் கூடித் தீர்மானிக்கவில்லை. அந்த அளவில் வைசேஷிகர் பக்கம் வலுவுண்டு. வரிசையை எங்கே வெட்டி எந்தப் பெயர் சூட்டுவது என்ற கேள்வியில் மட்டும் திக்நாகர் இன்னும் தோற்கவில்லை.