காணாத வெப்பமும் கருதி அறிதலும்

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூரில் வாசீஸ்வரர் கோயில் இருக்கிறது. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். மூங்கில் காட்டில் ஒரு மேட்டின்மேல் பசு தானாகப் பால் சொரிந்தது, அந்த இடத்தைத் தோண்டியபோது லிங்கம் வெளிப்பட்டது என்கிறது தலவரலாறு. மேலே தெரிந்த அடையாளத்தைக் கொண்டு கீழே மறைந்திருப்பதைக் கண்டுகொண்ட கதை.

இந்தப் பக்கத்து மண்ணுக்கடியில் இன்னொன்றும் மறைந்திருக்கிறது. தெற்கே ஸ்ரீபெரும்புதூரின் பெயரால் வழங்கும் படிவுப் பாறைகளும் வடக்கே சத்தியவேட்டின் பெயரால் வழங்கும் மணற்பாறைகளும், ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்க்டிகாவைப் பிரிந்த காலத்தில் பிளவுப் பள்ளங்களில் சேர்ந்தவை. கண்டம் பிளக்கும்போது மேலோடு இழுபட்டு மெலிகிறது. அடியிலுள்ள சூடான பாறை மேலெழுகிறது. இன்றும் பிளந்துகொண்டிருக்கும் கென்யாவில் அந்த வெப்பத்தைக் கொண்டே ஓல்காரியாவில் 1981 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். இங்கே பிளவு கடலாகிவிட்டது. அன்றைய வெப்பம் பெரும்பாலும் ஆறிப்போயிருக்கும்.

பூமிக்குள்ளிருந்து மேலே கசியும் வெப்பத்தை அளக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஆழ்துளை போட்ட சூடு அடங்கும்வரை காத்திருந்து வெப்பமானியை இறக்குகிறார்கள். ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு, துளையிலிருந்து எடுத்த பாறை வெப்பத்தை எவ்வளவு கடத்துகிறது என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். இரண்டையும் பெருக்கினால் விடை. கிலோமீட்டருக்கு 15 டிகிரி ஏறி, கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 3 வாட் என்றால், சதுர மீட்டருக்கு 45 மில்லிவாட். ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் தார்வார் பகுதியின் பழம்பாறைகளில் அளந்தவை பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கும். உச்சி வெயில் இதைப்போல் 20 ஆயிரம் மடங்குக்கும் மேல். கொசஸ்தலை ஆற்று வண்டலில் போட்ட போர்க்குழாய் இதற்கு உதவாது. ஓடும் நிலத்தடி நீர் வெப்பத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஆக, பூமியின் உள்வெப்பத்தை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. மேலே கசிவதைக் கொண்டு கருதி அறிகிறார்கள். நம் தர்க்க நூல்கள் இதை அனுமானம் என்கின்றன. மலையில் புகை, ஆகவே அங்கே தீ.

இந்த வழியில் எவ்வளவு தூரம் போகலாம்? 1862இல் இயற்பியலாளர் கெல்வின் வெகுதூரம் போனார். உருகிய பந்தாகத் தொடங்கிய பூமி இன்றைய நிலைக்கு ஆற எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டார். 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் என்று வந்தது. 1897இல் அதை 2 முதல் 4 கோடி என்று இன்னும் சுருக்கினார். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் பூமிக்குள் புது வெப்பம் பிறப்பதில்லை, உள்ளே பாறை அசைவதில்லை என்ற இரண்டையும் கேளாமலே ஏற்றுக்கொண்டிருந்தார். உள்ளே வெப்பம் எளிதாகப் பரவினால் வயது பல மடங்கு கூடும் என்று அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895இல் காட்டினார். ரேடியம் ஓயாமல் வெப்பம் தருவது 1903இல் தெரிந்தது. இன்று பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள்.

நியாய நூலார் இந்தச் சறுக்கலை முன்பே அறிவார்கள். புகையைக் கண்டு தீ உண்டு எனலாம்; தீயைக் கண்டு புகை உண்டு எனலாகாது, ஈர விறகு இருந்தால்தான் புகை. சொல்லப்படாமல் நிற்கும் இந்த நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். பெர்ரி சுட்டியதும் ரேடியம் காட்டியதும் கெல்வின் காணாத உபாதிகள்.

அதே நியாய மரபில் வந்த உதயணர், உலகம் ஒரு காரியம், ஆகவே கர்த்தா உண்டு என்று இறைவனையும் அனுமானத்தால் நிறுவினார். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் இதை மறுக்கிறார். உலகம் முழுதும் ஒரே காலத்தில் ஒருவரால் ஆக்கப்பட்டது என்பதற்கு என்ன சான்று, பல கைகள் சேர்ந்து பல காலத்தில் ஆக்குவதைத்தானே நாம் பார்க்கிறோம் என்பது அவர் கேள்வி. பரம்பொருளை அறியச் சாஸ்திரமே வழி என்பது முடிவு. பக்திக்கே வாழ்வைக் கொடுத்தவர், கைக்கு எட்டிய ஒரு நிரூபணத்தைப் போதாது என்று தள்ளிவைத்தது பெரிய நேர்மை.

சைவ சித்தாந்தம் அனுமானத்துக்கு இன்னும் அதிக இடம் தருகிறது. உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் கொண்டே மெய்கண்டார் இறைவனுக்கு வாதம் தொடங்குகிறார். ஆனால் அவர் மாணவர் அருள்நந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரில் அந்த வாதத்துக்குள் நுழையும் முன், அறியும் வழிகளான அளவைகளில் எது எதுவரை செல்லும் என்பதைத்தான் முதலில் ஆராய்கிறார்.