எந்த வாசலில் முறையிடுவது?

"சாமி, எந்தக் கோர்ட்டில் கேஸ் போட்டால் அவர்கள் அதிகமாக அலைவார்கள்?"

வேப்பம்பட்டில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் அன்பர் ஒருவர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மிடம் கேட்ட கேள்வி இது. கும்மிடிப்பூண்டியிலுள்ள ஓர் ஆலைக்கு ஓராண்டுக் காலம் மோட்டார்களைப் பழுதுபார்த்துக் கொடுத்த வகையில் அவருக்கு 86,000 ரூபாய் வரவேண்டியிருந்தது. போகும்போதெல்லாம் "அடுத்த வாரம்" என்பதே விடை. இரண்டு ஊர்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தாலும், இரயிலில் செல்பவர் சென்னை வரை வந்து வேறு தடத்து வண்டியைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு "அடுத்த வார"மும் அவருக்கு ஒரு நாள் வருமானம். ஆகவே அவருடைய சினத்தை நாம் குறைகூறவில்லை. கேள்விதான் நம்மை உறுத்தியது.

எங்கே வழக்காடுவது என்பது வெறும் வசதி பற்றிய செய்தியன்று. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இரண்டு வாசல்களைத் திறந்து வைக்கிறது: எதிராளி வாழும் அல்லது தொழில் நடத்தும் இடம், வழக்கிற்கான காரணம் முழுமையாகவோ பகுதியாகவோ எழுந்த இடம். நம் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் (1983) 1407-ஆம் எண்ணும், வழக்குத் தொடுப்பவர் எதிராளியின் மன்றத்தைத் தேடிச் செல்ல வேண்டும் என்றே பணிக்கிறது. எதிராளிக்குப் பல மன்றங்கள் இருப்பின், தெரிவு செய்யும் உரிமை தொடுப்பவருக்கு. அழைக்கப்படுபவர் தாமாக வருபவரல்லர். ஆகவே அவர் வீட்டருகில் வைத்துக் கேட்பதே முறை என்னும் இரக்கம் இதனுள் இருக்கிறது.

ஆனால் அழைக்கப்படுபவர் வலியவராகவும், அழைப்பவர் எளியவராகவும் இருந்தால்? அன்பர் கொண்டுவந்த வேலை ஆணையின் பின்புறத்தில், கண்ணாடி இல்லாமல் நம்மால் படிக்க இயலாத எழுத்தில், வழக்கு எதுவாயினும் மும்பை நீதிமன்றத்தில் மட்டுமே என்று அச்சாகியிருந்தது. தலைமை அலுவலகம் அங்கே. சட்டப்படி தகுதியுள்ள பல நீதிமன்றங்களுள் ஒன்றை இருதரப்பினரும் ஒப்பந்தத்தால் குறித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே கூறியுள்ளது. தகுதியே இல்லாத நீதிமன்றத்திற்கு ஒப்பந்தத்தால் தகுதி தர இயலாது என்பதும் அத்தீர்ப்பே.

நம் சேலத்து நிறுவனம் ஒன்றின் வழக்கு இங்கே நினைவிற்கு வருகிறது. குஜராத்தைச் சேர்ந்த ஏ.பி.சி. லாமினார்ட் நிறுவனத்தோடு உலோக நூலுக்காக 1974-இல் செய்த ஒப்பந்தத்தில், கைரா நீதிமன்ற எல்லை என்று ஒரு வரி. சேலம் நீதிமன்றம் தனக்கு அதிகாரமில்லை என்றது; சென்னை உயர் நீதிமன்றம் உண்டு என்றது; 1989-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அவ்வரியில் 'மட்டும்' போன்ற விலக்குச் சொல் இல்லை என்பது முக்கியக் காரணம். ஒப்பந்தம் எழுதிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து முடிவானது பணமல்ல, இடம்! பின்னர் 2013-இல், ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில், 'மட்டும்' என்ற சொல் இல்லாவிடினும் ஓரிடத்தைக் குறித்ததே பிற இடங்களை விலக்கியதாகும் என்று தீர்ப்பாயிற்று. காயில் கட்டும் கைகளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? படிக்காமல் கையெழுத்திட்டது தவறே என்பர் சிலர். படித்திருந்தாலும் அவர் கையெழுத்திட்டிருப்பார், வேலை வேண்டுமே. தொலைவை ஒரு மதிலாக எழுப்பியவர், கடனை மறுக்கும் முன்பே அநீதியைத் தொடங்கிவிட்டார் என்பதே நம் கருத்து.

திருத்தூதர் பவுலும் ஒருமுறை இடத்தைத் தெரிவு செய்தார். எருசலேமில் விசாரணைக்கு உட்பட விருப்பமா என்று ஆளுநர் பெஸ்து கேட்டபோது மறுத்து, சீசரிடம் முறையிட்டார் (திப 25). வழியில் அவரைக் கொல்லத் திட்டம் இருந்தது. சகோதரர் மீது சகோதரர் வழக்காடுவதற்காகக் கொரிந்தியரைக் கடிந்துகொண்டவரும் இவரே. தம் வழக்கு நேர்மையாகக் கேட்கப்படும் இடத்தை அவர் நாடினார். தம்மைக் குற்றஞ்சாட்டியவர்களை உரோமை வரை அலைக்கழிப்பதற்காக அன்று.

நம் அன்பருக்கு நல்வாய்ப்பாக ஒரு வழி இருந்தது. வங்கிக் கடனுக்காக முன்பே சிறுதொழில் பதிவு செய்திருந்தார். சான்றிதழ் பட்டறைச் சுவரில் தூசியேறித் தொங்கியது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டத்தின்படி (2006), வாங்குபவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், வேலை செய்து கொடுத்தவரின் இடத்திற்குரிய வசதியாக்க மன்றம் முறையீட்டை ஏற்கலாம். ஒப்புக்கொண்ட தவணை 45 நாளுக்கு மேற்படலாகாது. தாமதித்தால் வங்கி வட்டி வீதத்தின் மும்மடங்கு கூட்டு வட்டி. சட்டம் இங்கே எளியவரின் வாசலருகில் வந்து நிற்கிறது.

அவரோ அத்துடன் நிறைவடையவில்லை. ஆலையில் கொள்முதல் பார்க்கும் இளைஞர் மீது, மோசடி என்று காவல் நிலையத்தில் ஒரு புகாரும் கொடுத்தால் வேகமாக நடக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். "அந்தத் தம்பியா உங்கள் பணத்தை வைத்திருக்கிறார்?" என்றோம். "இல்லை சாமி. அவன்தான் ஒருமுறை டீ வாங்கிக் கொடுத்து, 'மேலே கையெழுத்து ஆகவில்லை அண்ணே' என்றான்." அந்தப் புகார் எழுதப்படவில்லை.

மன்றத்திற்கான விண்ணப்பத்தோடு இணைக்கப் பட்டியல்களை அடுக்கும்போது, அவருடைய பில் புத்தகத்தைப் புரட்டினோம். அடியில் ஆங்கிலத்தில் ஒரு சிறு வரி: சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது. "இது எதற்கு?" என்று கேட்டோம். அச்சகத்தார் எல்லாருக்கும் போடுவது என்றார். பக்கத்துக் கிராமங்களிலிருந்து பம்புசெட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் விவசாயிகளுக்கும் அந்தப் பில்தான். அடுத்த புத்தகம் அச்சடிக்கும்போது எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.